மாமா கட்டிய செட்

(அம்பேத்கர் பிறந்தநாளையொட்டி திருப்பரங்குன்றத்தில் நடந்த படிப்பகக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



முனைவர் பட்ட ஆய்வாளர் என்று அறிமுகப்படுத்தினார்கள். பெரிய கோட்பாடு ஏதாவது வரும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் இந்த மேஜைக்கு அடியில் இருக்கிற ஆம்ப்ளிஃபயரைப் பற்றிப் பேசப்போகிறேன். என் குரல் உங்களுக்குக் கேட்பது இதன் வழியாகத்தான். பழைய வி.சி.ஆர். கூட்டுக்குள் இருப்பதால் பலர் கவனித்திருக்க மாட்டீர்கள். 2004இல் என் மாமா கட்டியது.

அதற்கு முந்தைய ஆண்டு, எனக்குப் பத்து வயது. ஏப்ரல் 14க்கு எங்கள் தெருவில் கூட்டம் போட மைக் செட் கேட்டு மாமா அலைந்தார். மூன்று இடங்களில் "புக் ஆயிருச்சு" என்றார்கள். நான்காவது ஆள் மறைக்காமல் சொல்லிவிட்டார்: "உங்க தெருவுல கட்டுனேன்னு தெரிஞ்சா சுத்துப்பட்டுல ஒருத்தனும் எனக்குத் திருவிழா ஆர்டர் குடுக்க மாட்டான்ப்பா." திருவிழாக் காலங்களில் அவருடைய செட்டில்தான் 'தேவர் மகன்' பாட்டு ஓடும். எங்கள் தெருமுனைக்கு வரும்போது மட்டும் சத்தம் கூடும். 2023இல் 'மாமன்னன்' பாடல் வெளியீட்டு மேடையில், கமல்ஹாசன் முன்னிலையிலேயே, அந்தப் படம் தன்னை என்ன செய்தது என்று மாரி செல்வராஜ் பேசினாரே, அப்போது எனக்கு நினைவு வந்தது அந்தக் கூம்புக் குழாய்தான்.

எங்கள் தாத்தா, சாவுக்குப் பறையடிக்க இனி வரமாட்டேன் என்று சொல்லி நிறுத்தியவர். அதற்கு அவர் கொடுத்த விலை தனிக்கதை. ஊருக்குச் சத்தம் தேவைப்பட்டபோது எங்களைக் கூப்பிட்டார்கள். எங்களுக்குத் தேவைப்பட்டபோது வாடகைக்குக்கூடத் தரவில்லை. அந்த வருடம் மைக் இல்லாமல் தொண்டை கிழியப் பேசித்தான் கூட்டம் முடிந்தது.

மாமா ஒன்பதாவது வரை படித்தவர். ரேடியோ ரிப்பேர் கடையில் எடுபிடி. சர்க்யூட் படங்களைக் கடைக்காரர் அவர் கையில் கொடுக்க மாட்டார். அதனால் போர்டை பல்பு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, செம்புக் கோடுகள் எங்கே போகின்றன என்று பார்த்துத் தானே படம் வரைவார். அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது.

முதலில் செய்தது 4440. பதினான்கு கால் உள்ள ஒரே ஐ.சி. 12 வோல்ட் பேட்டரியில் ஓடும். இரண்டு பக்கத்துக்கும் ஆளுக்கு ஆறு வாட், சேர்த்துக் கட்டினால் 19 வாட். டீக்கடைக்குப் போதும், தெருவுக்குப் போதாது. அடுத்துத்தான் 5200, 1943 ஜோடி டிரான்சிஸ்டருக்குப் போனார். ஒலி அலையின் மேல் பாதியை ஒன்று தள்ளும், கீழ்ப் பாதியை மற்றொன்று இழுக்கும். கைமாறுகிற இடத்தில் இரண்டுமே தூங்கிவிட்டால் சத்தம் கரகரக்கும். அதனால் பாட்டு இல்லாதபோதும் கொஞ்சம் கரண்ட் விட்டு இரண்டையும் விழிப்பில் வைக்க வேண்டும். அதிகம் விட்டால் சூடேறிச் செத்துவிடும்.

டவுன்ஹால் ரோட்டில் உதிரிப் பொருள் வாங்கினார். 24-0-24 டிரான்ஸ்பார்மரைக் காயில் சுற்றும் கடையில் சொல்லிச் சுற்றினார். 24ஐ 1.414ஆல் பெருக்குங்கள், டி.சி. ஆக்கினால் பிளஸ் 34, மைனஸ் 34க்குப் பக்கத்தில் வரும். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு உண்மையாகக் கிடைப்பது ஐம்பது வாட் சொச்சம். அந்தக் காலத்தில் கடையில் விற்ற பிளாஸ்டிக் டப்பாக்களில் 1000 வாட் பி.எம்.பி.ஓ. என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். மாமா அதைப் பார்த்தால் சிரிப்பார்.

முதல் ஜோடி சுவிட்சைப் போட்டதும் வெடித்தது. டிரான்சிஸ்டரின் முதுகுத் தகடு வெறும் தகடு இல்லை, அதில் கரண்ட் இருக்கும். ஒன்றில் பிளஸ், மற்றொன்றில் மைனஸ். நடுவில் மைக்கா தாள் வைக்காமல் ஒரே அலுமினியத்தில் இரண்டையும் முடுக்கினால் நேருக்கு நேர் ஷார்ட். இரண்டு நாள் கூலி புகையாய்ப் போனது. அதன்பிறகுதான் மெயின் லைனில் 100 வாட் குண்டு பல்பை சீரியஸில் போட்டுச் சோதிக்கக் கற்றுக்கொண்டார். பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் சரி, பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட். பல்பைப் பார்த்துச் சொல்வது என் வேலை. அவ்வளவுதான் என் வேலை. சால்டரிங் அயர்னைத் தொட்டால், "சூடு பாப்பா, தள்ளி நில்லு" என்பார். என்னைவிட இரண்டு வயது சின்னவன் தம்பி கையில் அதைக் கொடுத்தார். மாமாவை நேசிக்கிறேன், இதையும் சொல்லாமல் விட முடியாது.

பெட்டிக்கு வருவோம். ஸ்பீக்கரின் கோன் முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. இரண்டும் சந்தித்தால் அடித்தொனி செத்துவிடும். அதைத் தடுக்கத்தான் பெட்டி. மண்பானை வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்க்காமல் மல்லாத்தி வைத்துப் பாட்டுக் கேட்ட வீடுகள் நம் பக்கம் நிறைய. மாமாவும் அங்கே தொடங்கி, முக்கால் இஞ்ச் பிளைவுட்டுக்கு வந்தார். இடுக்குகளில் ஃபெவிகாலும் மரத்தூளும் குழைத்துப் பூசியது என் அம்மா. முன்பக்கத்தில் ஓட்டை போட்டு மூன்று இஞ்ச் பி.வி.சி. பைப்பைச் செருகி, உள்ளே தள்ளியும் வெளியே இழுத்தும் காதால் கேட்டே நீளத்தை முடிவு செய்தார்.

இங்கே ஒரு விஷயம். இப்படிப்பட்ட பெட்டிக்குக் கணக்கு இருக்கிறது. ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961லேயே எழுதிவிட்டார். அந்தக் கணக்கு கையில் இருந்திருந்தால் மாமா இரண்டு ஷீட் பிளைவுட்டை வீணாக்கியிருக்க மாட்டார். "படிக்காத மேதை" என்று அவரைப் புகழ்கிறவர்கள்மீது எனக்குக் கோபம் வரும். நாற்பதாண்டு பழைய கணக்கு ஒரு மெக்கானிக்கின் கைக்கு ஏன் வரவில்லை என்பதல்லவா கேள்வி?

அஜந்தா சுப்பிரமணியன் 2019இல் 'தி காஸ்ட் ஆஃப் மெரிட்' என்ற நூலை எழுதினார். சென்னை ஐ.ஐ.டி.யை முன்வைத்து எழுதியது. கைவினைச் சாதிகளிடம் இருந்த தொழில்நுட்பம் காலனிய ஆட்சியில் பட்டமும் பதவியுமாக மாறியபோது, கைவேலையையே தொடாத சாதிகள் பொறியாளர்கள் ஆன வரலாறு அதில் இருக்கிறது. டிரான்சிஸ்டருக்கு நம் ஊரில் பரம்பரை கிடையாது. பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1962இல்தான் ஜெர்மானியம் குறைகடத்திகள் தயாரிக்கத் தொடங்கியது. எந்தச் சாதியின் குலத்தொழிலும் இல்லாத பொருள். ஆனாலும் வந்த வேகத்தில் ஒருவர் இன்ஜினியர், ஒருவர் மெக்கானிக் என்று பிரித்துக்கொண்டோம்.

உலகத்தில் வேறு இடத்திலும் இது நடந்திருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் ரேடார் வேலை கற்ற ஹெட்லி ஜோன்ஸ், ஜமைக்காவுக்குத் திரும்பி, 1947இல் டாம் வோங்குக்கு ஆம்ப்ளிஃபயர் கட்டிக்கொடுத்தார். அது வால்வு காலம். கிளப்புக்குப் போக வழியில்லாத கிங்ஸ்டன் ஏழைகள் அப்படிப்பட்ட செட்டுகளை வைத்துத்தான் தெருவில் ஆடினார்கள். ரெக்கே இசைக்கு அந்தத் தெருக்கள்தான் தொட்டில். இங்கோ, 2015இல் ஷீரடியில் கைப்பேசி ரிங்டோனாக அம்பேத்கர் பாட்டு வைத்திருந்த ஒரு தலித் இளைஞரைக் கொன்றார்கள். ரிங்டோன் எத்தனை வாட் இருக்கும்?

2004 ஏப்ரல் 14 மாலை ஆறு மணிக்கு இந்த செட்டை ஆன் செய்தோம். முதலில் மாமா "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றார். அதற்குமேல் அவருக்குப் பேச வரவில்லை, மைக்கைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டார். பாட்டி தன் பெயரைச் சொன்னார், தாத்தா பெயரைச் சொன்னார், தெருப் பெயரைச் சொன்னார். பத்து மணிக்கு நிறுத்திவிட்டோம், அனுமதி அதுவரைதான்.

அதன்பிறகு இரண்டு முறை உப்பிய கெப்பாசிட்டர்களை மாற்றியிருக்கிறோம். இப்போது நான் பேச்சை நிறுத்தினால் பின்னால் "ம்ம்ம்" என்று ஒரு இரைச்சல் கேட்கும், கேளுங்கள். எர்த் வயர்கள் எல்லாம் ஒரே இடத்தில் சேரவில்லை. மாமாவிடம் சொன்னேன், "அவுத்துப் பாக்கணும் பாப்பா" என்றார். வருகிற ஞாயிறு காலை இதே படிப்பகத்தில் அவிழ்க்கப் போகிறோம். விரும்பியவர்கள் வாருங்கள். அயர்ன் ஆறுதான் இருக்கிறது, முதல் முறை பெண்பிள்ளைகளுக்கு. மாமா ஒப்புக்கொண்டுவிட்டார்.