மெட்டுக்கு அந்தப் பக்கம்



விடியும் முன்பே போடியிலிருந்து ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதைத் தாண்டினால் கேரளம். பூப்பாறை, சாந்தன்பாறை ஏலத்தோட்டங்களில் காய் எடுக்கப் போகிறவர்களில் பலர் மாலையில் திரும்பிவிடுகிறார்கள். சிலர் அங்கேயே தங்க, பிள்ளைகள் கீழே பாட்டியிடம் வளர்கிறார்கள். பெண் கொடுப்பதும் எடுப்பதும் அப்படித்தான். மேலே ஒரு பங்கிலும் கீழே ஒரு பங்கிலும் ஒரே திருமண ஓலை வாசிக்கப்படுவது நமக்குப் புதிதல்ல.

1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. கோடு காகிதத்தில் இருக்கும்வரை நமக்குத் தெரிவதில்லை. 2011 டிசம்பரில், முல்லைப் பெரியாறு பிரச்சினையின்போது தெரிந்தது. தோட்டத் தொழிலாளர் பலர் பயந்து காட்டுப்பாதையில் நடந்தே இறங்கினார்கள். இந்தப் பக்கம் மலையாளிகளின் கடைகள் உடைக்கப்பட்டன. அதையும் சொல்லத்தான் வேண்டும். 2020-இல் நோய்த்தொற்றுக்காகச் சாவடி மூடப்பட்டது. மேலே கணவனும் கீழே மனைவியுமாய், கைப்பேசியில் மட்டும் முகம் பார்த்துக்கொண்ட குடும்பங்களை நாம் அறிவோம்.

ரூத்தின் கதையும் இப்படி ஒரு எல்லையில்தான் நடக்கிறது. மோவாபும் யூதாவும் சாக்கடலின் இரு கரைகள். 1868-இல் யோர்தானின் திபானில் கிடைத்த மேசா அரசனின் கல்வெட்டைப் பார்த்தால், மோவாபியர் பேசியது எபிரேயத்துக்கு எவ்வளவு நெருக்கமான மொழி என்று புரிகிறது. தமிழும் மலையாளமும் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். இவ்வளவு நெருங்கியவர்களைத்தான் ஆண்டவரின் சபையில் சேர்க்கக்கூடாது என்று இணைச்சட்ட நூல் விலக்குகிறது. தூரத்து எகிப்தியருக்குக்கூட அங்கே அவ்வளவு கடுமை இல்லை!

ஆனால் பெத்லகேமில் பஞ்சம் வந்தபோது நகோமியின் குடும்பத்துக்குச் சோறு போட்டது மோவாபுதான். நாம் இதைப் பெரும்பாலும் மறந்துவிட்டே ரூத்தைப் புகழ்கிறோம். போடிக் கடைவீதியின் வாழ்வும் மலைமேல் விளையும் காயில்தான் இருக்கிறது.

மேலிருந்து வாழ வந்த மருமகளிடம், குழம்பில் தேங்காய் கூடிப்போன சின்னச் சண்டையில், “மலையாளத்தாள்தானே” என்று ஒரு சொல் விழுகிறது. இங்கிருந்து போன நம் பெண்ணுக்கு அங்கே “பாண்டி” என்ற சொல் காத்திருக்கிறது. இரண்டும் ஒரே கல்தான்.

கதிர் பொறுக்க வந்த ரூத்தைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று போவாசு தம் வேலையாள்களுக்குக் கட்டளையிடுகிறார். அப்படிச் சொல்லவேண்டிய நிலை அந்த வயலில் இருந்திருக்கிறது. தோட்டம் வைத்திருப்பவர்களும் கங்காணிகளும் இந்த வரியை இன்றிரவு வீட்டில் ஒருமுறை வாசிக்கட்டும். மாமியார்கள் அடுத்த அதிகாரங்களையும் தொடர்ந்து வாசிக்கலாம். மோவாபுப் பெண் பெற்ற பிள்ளையை நகோமி மடியில் வாங்கிக்கொள்கிறாள். அண்டைவீட்டுப் பெண்கள் கூடி, அவனை நகோமியின் மகன் என்றே சொல்லி, ஓபேது என்று பெயரிடுகிறார்கள். தாவீது அரசர் அவனுடைய பேரன்.