ஆசனத்துக்கு மதம் இல்லையாம், சாதிக்கு மட்டும் உண்டாம்

(கோவையில் மாணவர்களும் களப்பணியாளர்களும் கூடிய கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



'கிறிஸ்தவர்கள் யோகா செய்யலாமா?' இதுதான் எனக்குத் தந்திருக்கிற தலைப்பு. கோவையில் இந்தக் கேள்வி எழுவதில் ஆச்சரியம் இல்லீங்க. மேற்கே வெள்ளியங்கிரி அடிவாரத்தில் 112 அடி உயர ஆதியோகி. 2017 பிப்ரவரியில் பிரதமரே வந்து திறந்து வைத்தார். தெற்கே ஆழியாறில் வேதாத்திரி மகரிஷியின் அறிவுத் திருக்கோயில். 2015இலிருந்து ஜூன் 21 வந்தால் பள்ளிக்கூட மைதானத்தில் பாய் விரிக்கிறார்கள். 'அது அவங்க சாமி கும்பிடற முறையாச்சே, நம்ம பிள்ளைங்க செய்யலாமுங்களா?' என்று சபைகளில் பெற்றோர் கேட்கிறார்கள்.

திருச்சபைக்குள் இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. 1989இல் வத்திக்கான், கிறிஸ்தவத் தியானம் பற்றி ஆயர்களுக்கு ஒரு கடிதம் எழுதியது. கர்தினால் ராட்சிங்கர் கையெழுத்திட்டது. யோகாவுக்கு அது தடை போடவில்லை. உடற்பயிற்சியில் கிடைக்கிற அமைதியைத் தூய ஆவியின் ஆறுதல் என்று மயங்காதே என்று எச்சரித்தது. இன்னொரு பதில் குளித்தலைக்குப் பக்கத்தில், தண்ணீர்ப்பள்ளி சாந்திவனத்தில் இருக்கிறது. 1950இல் இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் தொடங்கியது. 1968 முதல் பீட் கிரிஃபித்ஸ் நடத்தினார். அங்கே காவி உடை, தியானம், உபநிடத வாசிப்பு எல்லாம் உண்டு.

ஒருவர் வேரைப் பார்த்துப் பயப்படுகிறார். இன்னொருவர் வேரில் மயங்குகிறார். சரி, அந்த வேரையே தோண்டிப் பார்ப்போம்.

பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் ஏறத்தாழ 195 சூத்திரங்கள். ஆசனத்தைப் பற்றி மூணே மூணு. புத்தர் ஆலார காலாமரிடமும் உத்தக ராமபுத்திரரிடமும் தியானம் பயின்றவர். ஹடயோகத்தின் மிகப் பழைய நூல்களில் ஒன்றான அமிர்தசித்தி, 11ஆம் நூற்றாண்டில் பௌத்தத் தாந்திரிகச் சூழலில் எழுந்தது. இன்று உலகம் செய்கிற ஆசன வரிசையில் பெரும்பகுதி, 1930களில் மைசூர் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியார் சொல்லிக் கொடுத்த முறையிலிருந்து வந்தது. ஆக, 'யோகம் முழுக்க முழுக்க இந்து வேர்' என்பது, பயப்படுகிற பாதிரியாரும் பெருமைப்படுகிற இந்துத்துவவாதியும் சேர்ந்து சொல்கிற பொய்.

ஆனால் அதைப் பார்ப்பனியம் தன்வயப்படுத்தியபோது ஒரு வேலி போட்டது. இராமாயண உத்தர காண்டத்தில் சம்பூகன் தலைகீழாகத் தொங்கித் தவம் செய்கிறான். சூத்திரன் தவம் செய்யக்கூடாது என்று இராமன் அவன் தலையை வெட்டுகிறான். 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் இதை எடுத்துப் பேசுகிறார். சூத்திரனுக்கே இந்தக் கதி என்றால் அவர்ணனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நாம் அஞ்ச வேண்டிய இந்து வேர் இதுதாங்க. பத்மாசனம் இல்லை.

இந்த வேர் திருச்சபைக்குள் எப்படி வந்தது? 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி, காவி உடுத்தி, பூணூல் தரித்து, பிராமண சந்நியாசியாக வாழ்ந்தார். 1623 வாக்கில் நம்ம கொங்குப் பக்கம் சேந்தமங்கலம், சேலம் வரைக்கும் வந்தார். பூணூல் மத அடையாளமா என்று ரோமில் பெரிய வழக்கு. அது சமூக அடையாளம்தான் என்று ஏற்று, அதே 1623இல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரி அனுமதி கொடுத்தார். 'யோகா மதமல்ல' என்று இன்றைக்குச் சொல்கிறார்களே, அதே வாதம் 400 வருடத்துக்கு முன்பே! விளைவு என்ன? 1640இலிருந்து ஒடுக்கப்பட்டவர்களுக்கென்று தனியாகப் 'பண்டாரசாமி'கள். மேல்சாதிக்கு ஒரு குரு, கீழ்சாதிக்கு ஒரு குரு. மதத்தை எடுத்துவிட்டோம் என்றார்கள், சாதி அப்படியே உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

1980களில் அரவிந்த் நிர்மல் போன்றோர் தலித் இறையியலைத் தொடங்கியபோது கேட்டதும் இதைத்தான். இந்தியக் கிறிஸ்தவம் என்றால் வேதாந்தமும் சமஸ்கிருதமும் மட்டும்தானா? காவியும் ஆரத்தியும் பலிபீடம் வரை வந்தன. பறை வருவதற்கு எவ்வளவு காலம் ஆனது! கல்லறையைப் பிரிக்கிற சுவர் யாருடைய பண்பாடு? திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016 கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டதே.

இப்போது அரசின் பக்கம் வாங்க. யோகா எந்த மதத்துக்கும் சொந்தமல்ல என்று அரசு சொல்கிறது. 2015இல் வருமான வரிச் சட்டத்தில் 'அறப்பணி' என்பதற்குள் யோகாவைத் தனியாகச் சேர்த்தார்கள். நல்லதுங்க. அப்படின்னா சாதி? 1950 குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆகமாட்டார் என்கிறது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவைத் திறந்தார்கள். கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை.

சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த சூசை என்கிற தொழிலாளியின் வழக்கைப் படியுங்கள். பட்டியல் சாதித் தொழிலாளர்களுக்கு இலவசப் பெட்டிக்கடை கொடுத்தார்கள். கிறிஸ்தவர் என்பதால் சூசைக்கு இல்லை. மதம் மாறிய பிறகும் அதே கடுமையோடு இழிவு தொடர்கிறது என்பதற்குச் சான்று போதவில்லை என்று 1985இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. அவர் கையில் இருந்த செருப்பும் ஊசியும் சான்றாகப் படவில்லை.

கொங்குக் கிராமத்தில் ஞானஸ்நானம் வாங்கிய அருந்ததியரைச் சாதி இந்து 'அண்ணா, வாங்க' என்றா கூப்பிடுகிறான்? டீக்கடையில் தனி டம்ளர் வைப்பவன் பைபிளைப் பார்த்தா வைக்கிறான்? அடித்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவருக்குத் துணைக்கு வராது. ஆசனம் மதத்தை விட்டுக் கலிஃபோர்னியா வரைக்கும் போகலாமாம். சாதி மட்டும் மதத்தை விட்டு அடுத்த தெரு தேவாலயத்துக்குள் போகாதாம்! இந்த இரட்டை நாக்கைத்தான் நாம் பிடிக்க வேண்டும்.

ஆகவே தோழர்களே, உங்கள் பிள்ளை ஆசனம் செய்தால் உடம்புக்கு நல்லது, செய்யட்டும். மந்திரமோ வழிபாடோ சொல்லச் சொன்னால் மறுக்கலாம். அரசு உதவி பெறும் பள்ளியில் சம்மதமில்லாமல் வழிபாட்டில் சேர்க்கக்கூடாது என்று அரசியல் சட்டம் 28(3) சொல்கிறது. அந்த விசயம் அதோடு முடிந்தது.

முடியாதது வேறு. தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. தீர்மானத்தோடு நின்றால் போதாது, மூன்றாவது பத்தி போகிறவரை தெருவில் நிற்க வேண்டும். மாணவர்கள் ஊர் ஊராகப் போய்த் தேவாலயத்தில், கல்லறையில், டீக்கடையில் நடப்பதை எழுதி எடுத்து வாருங்கள். சூசையிடம் நீதிமன்றம் கேட்ட சான்றை நாம் திரட்டிக் கொடுப்போம். யோகா பற்றிக் கவலைப்படுகிற குருமார்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: 'பாயைச் சுருட்டச் சொல்றீங்களே ஐயா, கல்லறைச் சுவரை எப்ப இடிக்கிறீங்க?'

ஜெய்பீம்.