ஓடுவதற்கா, நிற்பதற்கா கூலி?



படைவீரராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரின் நினைவுப் பொழிவு இது. முன்னாள் படைவீரர்களுக்கு 2003 ஏப்ரல் முதல் இ.சி.எச்.எஸ். என்னும் பங்களிப்பு மருத்துவத் திட்டம் இருக்கிறது. பாலிகிளினிக்கில் பார்ப்பார்கள், பெரிய வைத்தியத்துக்கு ஒப்பந்த மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். ஆனால் நடுராத்திரியில் நெஞ்சு வலித்தால் படைவீரர் வீட்டிலும் கூப்பிடுவது 108 ஆம்புலன்ஸைத்தான். வெம்பக்கோட்டைப் பக்கம் பயர் ஆபீஸ் என்னும் பட்டாசு ஆலை வெடித்தாலும் அதே 108. அந்த வண்டியை அரசு எப்படி ஒப்பந்தம் போட்டு ஓட்டுகிறது என்பதுதான் என் பேச்சு.

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. பணம் அரசுடையது; ஓட்டுவது ஐதராபாத்தில் பிறந்த இ.எம்.ஆர்.ஐ. நிறுவனம். அதைத் தொடங்கியவர்களின் சத்யம் நிறுவனமே 2009 ஜனவரியில் கணக்கு மோசடியில் சரிந்து, பிறகு நிர்வாகம் ஜி.வி.கே. கைக்குப் போனது. அப்போதும் இங்கே வண்டி ஓடியது. இதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை.

இத்தகைய ஒப்பந்தங்களில் முதலில் பார்க்க வேண்டியது, எதற்குப் பணம் தருகிறோம் என்பதுதான். ஓட்டத்துக்கு ஓட்டம் காசு என்றால் ஓடாத ஓட்டமும் கணக்கில் ஏறும். ராஜஸ்தானில் அப்படிப் பொய்க் கணக்கு எழுதியதாகப் புகார் எழுந்து, 2015-இல் சி.பி.ஐ. வழக்கே பதிவானது. கட்டணத்தை ஒரேயடியாக இறுக்கினாலும் வேறு வம்பு. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களை ஏற்றிச்செல்லும் ஆம்புலன்ஸ் கட்டணத்தை, மெடிகேர் என்னும் அரசு மருத்துவக் காப்பீடு தரும் அளவுக்குள் அடக்க 2023-இல் விதி வந்தது. கிராமப்புறத்தில் வண்டியே கிடைக்காமல் போகும் என்று எதிர்ப்புக் கிளம்பியதால் அதன் அமலைத் தள்ளிவைத்தார்கள்.

நம் பட்டாசுப் பூமிக்கு வருவோம். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: பட்டாசு ஆலை வெடித்து ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். முதல் வெடிச் சத்தம் கேட்டு ஓடிவந்தவர்களும் அவர்களில் உண்டு. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம்: 20 பேருக்கு மேல். இந்த ஆலைகளில் பலவும் பெரிய ரோட்டை விட்டு விலகி, கரிசல் காட்டுக்குள் இருக்கின்றன. வெடிமருந்து கலக்கும் அறையில் தீப்பிடித்தால் வண்டி வந்து சேர்வதற்கே நேரம் பிடிக்கும்.

வெந்த உடம்புக்கு நேரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு மருத்துவர்கள் பார்க்லாண்ட் கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு 40 சதவீதம் வெந்திருந்தால் முதல் 24 மணி நேரத்தில் சுமார் 9.6 லிட்டர் ரிங்கர் லாக்டேட் என்னும் உப்புத் திரவம் ஏற்ற வேண்டும். அதில் பாதியை முதல் 8 மணி நேரத்துக்குள். அந்த 8 மணி நேரம் ஆஸ்பத்திரி வாசலில் தொடங்குவதில்லை. தீப்பட்ட நொடியிலேயே தொடங்கிவிடுகிறது. வண்டியில் போகும் நேரமும் வைத்திய நேரம்தான்.

சிவகாசி அரசு மருத்துவமனையில் முதலுதவி முடிந்து, நிலைமை மோசமென்றால் மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். போகவரச் சுமார் 140 கிலோமீட்டர். 2022-இல் விருதுநகரில் மருத்துவக் கல்லூரி திறந்த பிறகும் மதுரைப் பயணம் முற்றாக நின்றுவிடவில்லை. அந்த வண்டி திரும்பும்வரை அதன் இடத்தில் யார்? இரண்டாவது வெடிக்கு எந்த வண்டி?

ஆகவே என் கருத்து இது: வண்டி தயாராக நிற்பதற்கே கூலி தர வேண்டும். 1986-இல் தொடங்கிய டெக்ஸ்கோ என்னும் தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகம் முன்னாள் படைவீரர்களைக் காவலுக்கு அனுப்புகிறது. திருடன் வந்த நாளுக்கு மட்டுமா அவர்களுக்குச் சம்பளம்? தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளில் கூடுதல் வண்டி நிற்க வேண்டும். மதுரைக்கு நோயாளியைக் கொண்டுபோகத் தனி வண்டி வேண்டும். 12 மணி நேர ஷிப்டில் உழைத்துக்கொண்டு 8 மணி நேர வேலை கேட்கும் ஓட்டுநர், மருத்துவ உதவியாளர் கோரிக்கையையும் ஒப்பந்தத்தில் எழுதவேண்டும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுவுக்கு 10 ரூபாய்தான் கட்டணம். நம் மாவட்டத்தில் எந்த வண்டி எங்கே நிற்கிறது, மதுரைக்குப் போனால் பதிலுக்கு எது வருகிறது என்று இந்த வாரமே கேட்டு எழுதுங்கள்.