முதல் டாக்டரின் முதல் முடிவு

(கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



அவசர சிகிச்சையில் டாக்டர்கள் ஏன் தவறுகிறார்கள் என்று பேசச் சொன்னார்கள். படிப்பு போதாமல் நேரும் தவறுகள் உண்டு. படித்த விஷயம் சமயத்தில் மனதில் தோன்றாமல் நேரும் தவறுகளும் உண்டு. இரண்டாவதைப் புரிந்துகொள்ள அந்தமான் நல்ல உதாரணம்.

1988 முதல் வட அந்தமானில் டிக்லிபூர் பகுதியில், மழைக்காலத்தை ஒட்டி ஒரு ஜுரம் பரவியது. தலைவலி, உடம்புவலி, சிலருக்கு இருமலில் ரத்தம், மூச்சுத் திணறல், மரணம். காரணம் புரியாமல் 'அந்தமான் ரத்தக்கசிவு ஜுரம்' என்றே அழைத்தார்கள். அது லெப்டோஸ்பைரோசிஸ், அதாவது எலிக்காய்ச்சல் என்பதை 1990களில் போர்ட் பிளேரிலுள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் மையம் கண்டறிந்தது. எலி, மாடு முதலியவற்றின் சிறுநீர் கலந்த சேற்றுநீரிலிருந்து, காலிலுள்ள கீறல் வழியாகக் கிருமி உடம்பில் புகுகிறது. வயலில் இறங்குபவர்களுக்கு ஆபத்து அதிகம். பென்சிலின், டாக்ஸிசைக்ளின் போன்ற சாதாரண மருந்துகளை ஆரம்பத்திலேயே கொடுத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடலாம்.

அன்றைய டாக்டர்களைக் குறை சொல்வதற்கில்லை. இன்று நோயின் பெயர் தெரியும், இருந்தும் தவறலாம். தீவில் ஜுரம் என்றதும் மலேரியா, டெங்கு என்று முதலில் தோன்றியதையே பிடித்துக்கொள்வது ஒன்று. "என்ன வேலை செய்கிறீர்கள்? சேற்றில் இறங்கினீர்களா?" என்று கேட்காமல் விடுவது இரண்டு. இரவெல்லாம் கண்விழித்த அசதி மூன்று. சந்தேகம் வந்தாலும் சீனியருக்குப் போன் செய்யக் கூச்சப்படுவது நான்கு. டியூட்டி மாறும்போது கேஸைப் பற்றி அரைகுறையாகச் சொல்லிவிட்டுப் போவது ஐந்து.

பெரிய நகரத்தில் ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடித்துவிடலாம். டிக்லிபூரிலிருந்து, இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேருக்குச் சாலை வழியே சுமார் 300 கிலோமீட்டர். அங்கே முதல் டாக்டரின் முதல் முடிவில்தான் பல சமயம் உயிரே இருக்கிறது.

நாம் என்ன செய்யலாம்? மழைவெள்ளத்தில் நடந்தபின் ஜுரம் வருவது சென்னையிலும் மும்பையிலும் நடக்கக்கூடியதே. எந்தத் தண்ணீரில் நின்றோம், ஜுரம் என்றைக்கு ஆரம்பித்தது, என்னென்ன மருந்து சாப்பிடுகிறோம் என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். "வேறு ஏதாவதாக இருக்குமா டாக்டர்?" என்று பணிவாகக் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நம் குடும்பங்களில் டாக்டருக்குப் படிக்கும் குழந்தைகளுக்கும் ஒரு வார்த்தை. தெரியாததைச் சீனியரிடம் கேட்பதில் அவமானம் இல்லை. கேட்காமல் ஓர் உயிர் போனால், அதைத் திருப்பித் தர யாராலும் முடியாது.