பலராமுக்கு நாம் எழுதாத கடிதம்
(நம் சங்க ஆண்டு விழாவில், செம்பூர்க் கால்பந்து அன்பர்கள் சார்பில் ஆற்றிய உரை)

 

இம்மேடையில் ஆண்டுதோறும் இசையைப் பற்றியும் இலக்கியத்தைப் பற்றியும் கற்றறிந்த பெரியோர்கள் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். நாங்களோ கற்றறிந்தவர்கள் அல்லர். ஞாயிறு காலைகளில் காலனிப் பிள்ளைகளோடு மைதானத்தில் பந்தை உதைத்துவிட்டு, வீட்டில் வசவு வாங்கிக் கொள்கிறவர்கள். எங்களுக்கும் இவ்வாண்டு பத்து நிமிடம் ஒதுக்கித் தந்த நிர்வாகக் குழுவினருக்கு எங்கள் நன்றி உரியது. அந்தப் பத்து நிமிடத்தையும் மறைந்த ஓர் ஆட்டக்காரருக்கே செலவிட எண்ணுகிறோம். அவர் பெயர் துளசிதாஸ் பலராம்.

இந்தப் பெயரைக் கேட்டவுடன் உங்களில் பலர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறீர்கள். அதில் தவறொன்றுமில்லை. சிறிது காலம் முன்பு வரை எங்களில் பெரும்பாலோர் நிலையும் அதுவே.

2024 ஏப்ரலில் 'மைதான்' என்னும் இந்தித் திரைப்படம் வெளிவந்தது. இந்தியக் கால்பந்து அணியைப் பயிற்றுவித்த சையத் அப்துல் ரஹீம் அவர்களின் வாழ்க்கையைச் சொல்லும் படம் அது. காலனிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனோம். வெளியே வரும்போது ஒரு சிறுவன், "மாமா, அந்தப் பலராம் நம்ம ஆளா?" என்று கேட்டான். எங்களுக்கு விடை தெரியவில்லை. ரொனால்டோவின் கோல் கணக்கைத் தலைகீழாக ஒப்புவிக்கும் நாங்கள், அன்று வாயடைத்து நின்றோம்.

விடை சொன்னவர் நம் காலனியில் வாழும் ஒரு பெரியவர். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இளம்பிராயத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடிப் பம்பாய் வந்த அவர், கூப்பரேஜ் மைதானத்தில் ரோவர்ஸ் கோப்பை ஆட்டம் நடந்தால் ஒரு வேளைச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாவது சீட்டு வாங்கிவிடுவாராம். அங்கேதான் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணிக்கு ஆடிய பலராமை அவர் கண்டார். "இடப்பக்கம் சாய்வார். தடுக்கிறவன் இடப்பக்கம் போவான். பந்து வலப்பக்கம் போயிருக்கும். நான் கோட்டோரத்தில் நின்று, 'போடு தம்பி!' என்று தமிழிலேயே கத்தினேன். அவர் காதில் விழுந்ததோ இல்லையோ!" என்றார் பெரியவர். பிறகு சற்று மௌனமாயிருந்து, "அவரும் நம் பிள்ளைதான். பிழைக்கப் போன இடத்தில் பிறந்த பிள்ளை" என்றார்.

அன்பர்களே! ஆம், பலராம் நம் பிள்ளைதான். தமிழ்ப் பெற்றோருக்கு மகனாக, 1936ஆம் ஆண்டு செகந்திராபாத்தை அடுத்த அம்முகூடா என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். தாயார் பெயர் முத்தம்மா. வறிய குடும்பம். மகன் படித்து, நிலையான உத்தியோகத்தில் அமரவேண்டும் என்பதே அன்னையின் ஆசை. அவர் உள்ளமோ பந்தின் பின்னே ஓடிற்று. ரஹீம் அவர்கள் இளைஞரின் ஆட்டத்தைக் கண்டு ஹைதராபாத்திற்குப் பயிற்சிக்கு அழைத்தபோது, வந்து போகப் பணமில்லை என்றாராம் பலராம். வாடகைச் சைக்கிளுக்கு ரஹீமே காசு கொடுத்து வரவழைத்தார் என்று சொல்லப்படுகிறது.

ரஹீம் சாமானியரல்லர். ஆசிரியத் தொழிலிலிருந்து வந்தவர். வலக்கால் பழக்கமுள்ளவன் இடக்காலால் மட்டுமே ஆட வேண்டும் என்று விதித்துப் போட்டிகள் நடத்தியவர். பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு திரியாமல் உடனுக்குடன் தோழனுக்குத் தள்ள வேண்டும் என்று கற்பித்தவர். அந்தப் பட்டறையில் அடித்து வார்க்கப்பட்டவர் பலராம். ஆகையினால்தான் முன்வரிசையில் எந்த இடத்தில் நிறுத்தினாலும் அவரால் ஆட முடிந்தது.

1956-57, 1957-58 ஆகிய ஈராண்டுகளிலும் சந்தோஷ் கோப்பையை ஹைதராபாத் அணி வென்றது. இருமுறையும் இறுதியாட்டத்தில் தோற்றது நம் பம்பாய் அணியே என்பதை இங்கே வருத்தத்தோடு கூறிக்கொள்கிறோம்! 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பெற்றது. ஆஸ்திரேலியாவை 4-2 என்று வீழ்த்திய ஆட்டத்தில் நம் பம்பாய் வீரர் நெவில் டிசூசா மூன்று கோல் அடித்தார். அந்த அணியில், இருபது வயது இளைஞராகப் பலராமும் இருந்தார்.

1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரியை எதிர்த்து இந்தியா ஆடியது. அந்நாளில் கால்பந்துலகில் ஹங்கேரி என்றால் எத்தகைய பெயர் என்பதைப் பெரியோர்கள் அறிவார்கள். ஆட்டம் 2-1 என்று முடிந்தது. தோற்றோம். ஆயினும் இந்தியாவின் அந்த ஒரு கோல் பலராமின் கோல். பெருவுடனான ஆட்டத்திலும் 3-1 என்று தோற்றபோது, நம் பக்கத்தில் விழுந்த ஒரே கோல் அவருடையதே.

1962 செப்டம்பர் 4. ஜகார்த்தா நகரில் ஆசிய விளையாட்டு இறுதியாட்டம். அரங்கில் ஏறத்தாழ 1,00,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் இந்தியாவிற்கு எதிராகக் கூச்சலிட்டனர். முதற்சுற்றில் நம்மை 2-0 என்று வென்றிருந்த தென் கொரியாவே எதிரில் நின்றது. இந்தியா 2-1 என்று வென்று தங்கப் பதக்கம் பெற்றது. கோல் அடித்தவர்கள் பி.கே.பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும். இலக்கைக் காத்து நின்றவர் பீட்டர் தங்கராஜ். பம்பாயில் வளர்ந்த பிராங்கோவும், பம்பாயில் கால்டெக்ஸ் நிறுவன அணிக்கு ஆடிய சந்திரசேகரனும் அந்த அணியில் இருந்தனர். பலராமோ, தாய்லாந்தையும் ஜப்பானையும் வென்ற முன்சுற்று ஆட்டங்களில் கோல் அடித்து, அணி முன்னேற வழி செய்தவர். அதற்குப் பிறகு இன்றுவரை ஆசிய விளையாட்டில் கால்பந்துத் தங்கம் இந்தியாவிற்கு வாய்க்கவில்லை. அதே 1962ஆம் ஆண்டிற்குரிய அர்ஜுனா விருது அவருக்கு அளிக்கப்பட்டது. பி.கே., சுனி கோஸ்வாமி, பலராம் ஆகிய மூவரையும் மும்மூர்த்திகள் என்றே நாடு அழைத்தது.

இனி எங்கள் நெஞ்சைத் தொட்ட பகுதிக்கு வருகிறோம். எங்களுள் ரயில்வே அலுவலகத்தில் எழுத்தர் பணி புரிவோர் மூவர் உண்டு. இங்கு நின்று பேசுபவரும் அவர்களுள் ஒருவர். ஆகவே இப்பகுதியை எங்கள் வீட்டுச் செய்தியாகவே கருதுகிறோம். 1961ஆம் ஆண்டில் ஈஸ்ட் பெங்கால் அணிக்குத் தலைமை ஏற்று கல்கத்தா லீக் பட்டத்தை வென்று தந்தவர் பலராம். அவ்வாண்டு லீகில் மிகுதியான கோல் அடித்தவரும் அவரே. அத்தகையவர், 1963இல் அந்தச் சங்கத்தை விட்டு பி.என்.ஆர். என்ற பழம்பெயரால் வழங்கிய ரயில்வே அணியில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் கால்பந்து சோறு போடாது. ரயில்வே உத்தியோகமே சோறு போடும். அன்னை முத்தம்மாவின் ஆசை நிறைவேறிற்று எனலாம். ஆனால் அதே ஆண்டில் நுரையீரல் நோய் அவரைப் பற்றிக்கொண்டது. முப்பது வயதை எட்டுவதற்கு முன்னரே ஆட்டத்தைத் துறக்க நேர்ந்தது. ஆசான் ரஹீம் மறைந்ததும் அதே 1963ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில்தான்.

மைதானத்தில் ஆயிரமாயிரம் பேர் கைதட்டக் கண்டவர், அதன்பின் ரயில்வே ஊழியராகப் பல்லாண்டு வேலை பார்த்தார். இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்தார். மணம் புரிந்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்று, ஹூக்ளி ஆற்றங்கரையில் உத்தரபாரா என்னும் ஊரில் தனியே வாழ்ந்தார். மற்ற இரு மூர்த்திகளுக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது, இவருக்குக் கிடைக்கவில்லை. தாம் மறக்கப்பட்டோம் என்னும் வருத்தத்தை அவர் பேட்டிகளில் மறைத்ததுமில்லை. 2020 மார்ச்சில் பி.கே. மறைந்தார், ஏப்ரலில் சுனி மறைந்தார். எஞ்சியிருந்த பலராம், 2023 பிப்ரவரி 16 அன்று, தமது 86ஆம் வயதில் கொல்கத்தாவில் காலமானார்.

அன்பர்களே! ஒரு குற்றத்தை இச்சபையில் ஒப்புக்கொள்ளவே இவ்வளவும் சொன்னோம்.

2017ஆம் ஆண்டு எங்களில் நான்கு குடும்பத்தார் ரயில்வே பாஸில் கொல்கத்தா சென்றோம். கீதாஞ்சலி எக்ஸ்பிரஸில், நாகபுரிக்கு அப்பால் அந்தப் பழைய பி.என்.ஆர். பாதையிலேயே இரவு முழுதும் பயணம் செய்தோம். தட்சிணேசுவரத்தில் காளியைத் தரிசித்தோம். படித்துறையில் அமர்ந்து புளியோதரை உண்டோம். ஆற்றின் மறுகரையில், சிறிது தொலைவில் உத்தரபாரா. ஹவுராவிலிருந்து உள்ளூர் வண்டியில் ஏறினால் லிலுவா, பேலூர், பாலி, அடுத்தது உத்தரபாரா. நம் செம்பூரிலிருந்து குர்லா போய்த் திரும்புவது போல எளிய பயணம். அந்த நாளில் அவர் உயிரோடிருந்தார். ஒருவேளை தம் வீட்டு வாசலிலேயே அமர்ந்திருந்திருப்பார். நாங்கள் அறியவில்லை, அறிந்துகொள்ள முயலவுமில்லை. படித்துறையைப் படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினோம்.

நாங்கள் மட்டுமா? தமிழ்நாடு அவரை ஹைதராபாத்துக்காரர் என்றது. ஹைதராபாத் அவரைக் கல்கத்தாவிற்குப் போய்விட்டவர் என்றது. வங்காளம் அவரை நேசித்தது. ஆயினும் அவர் அங்கும் வெளியூரிலிருந்து வந்தவரே. இது யாருடைய கதை? பிழைக்க வந்த இடத்தில் பிள்ளை பெற்று, 'உங்கள் ஊர் எது?' என்று எவரேனும் கேட்டால் ஒரு கணம் தயங்குகிற நம் ஒவ்வொருவர் கதையும் அல்லவா? அவரை நாமாவது நம்மவர் என்று தேடிச் சென்றிருக்க வேண்டும். புலம்பெயர்ந்த தமிழனின் தனிமையைப் புலம்பெயர்ந்த தமிழனே அறியவில்லையெனில் வேறு யார் அறிவார்?

பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் எங்களைக் கடியவில்லை. "நான் கூடத்தான் எழுதவில்லை. அறுபது வருஷம் இருந்தது. 'உங்கள் ஆட்டத்தைக் கூப்பரேஜில் பார்த்தேன், மறக்கவில்லை' என்று இரண்டு வரி. எழுதியிருந்தால் என்ன குறைந்துவிடும்? நாளைக்கு எழுதலாம் என்றே இருந்துவிட்டேன்" என்றார். அவர் கண் கலங்கியதை அன்றுதான் கண்டோம்.

ஆகவே இச்சபைக்கு ஒரு வேண்டுகோள். பலராமுக்குச் சிலை எழுப்ப நாங்கள் கேட்கவில்லை; பெருநிதி திரட்டவும் கேட்கவில்லை. அஞ்சலட்டையின் விலை இன்றும் ஐம்பது காசுதான். நம் நினைவில் நிற்கும் ஆட்டக்காரரோ, பாடகரோ, நமக்கு எழுத்தறிவித்த ஆசிரியரோ, எவரேனும் முதுமையில் எங்கேனும் உயிருடன் இருப்பின், இவ்வாண்டிற்குள் அவருக்கு இரண்டு வரி எழுதுங்கள். முகவரி தெரியாவிடில் விசாரித்து அறியுங்கள். பிள்ளைகளைக் கொண்டு எழுதச் செய்யுங்கள். அத்துடன், மும்பையில் வாழும் முதிய ரயில்வே விளையாட்டு வீரர் ஒருவரை ஆண்டுதோறும் இவ்விழாவிற்கு அழைத்து, அவர் பேசக் கேட்கும் வழக்கத்தை நம் சங்கம் தொடங்க வேண்டும் என்றும் நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம். அழைத்து வரும் பொறுப்பை நாங்கள் ஏற்கிறோம்.

ஞாயிறு தோறும் மைதானத்தில் ஆட்டம் தொடங்குமுன் எங்கள் பிள்ளைகள் இப்போது ஒரு பயிற்சி செய்கிறார்கள். பழகாத காலால் பத்து முறை பந்தை உதைக்க வேண்டும். ரஹீம் கற்பித்தது, பலராம் கற்றது. அன்று எங்களைக் கேள்வி கேட்ட அதே சிறுவன்தான் எண்ணிக்கை சொல்கிறான். அவனுக்கு விடை சொல்ல எங்களால் இப்போது முடியும். ஆம் தம்பி, அவர் நம்ம ஆள்தான்.

வாழ்க பலராம் புகழ்!