புனித இரவுகளும் பகை நீங்கிய உள்ளங்களும்

(புதுச்சேரி, கதிர்காமத்தில் நிகழ்த்தப்பட்ட ஜும்ஆ உரை)

 



ஷஅபான் மாதத்தின் பாதி நெருங்கும்போதெல்லாம் நம் ஊர்களில் ஒரு கேள்வி எழுகின்றது: "பராஅத் இரவு உண்டா, இல்லையா?" உண்மையை அறியும் ஆவலோடு கேட்டால் இது நல்ல கேள்வியே. ஆனால் இக்கேள்வியே இன்று எத்தனையோ வீடுகளைப் பிரித்து வைத்திருக்கின்றது. ஒரு தாய் வயிற்றில் பிறந்த இருவரில் மூத்தவர் மூன்று யாசீன் ஓதப் பள்ளிக்குச் செல்கின்றார். இளையவர் அதை பித்அத் என்று கூறி ஒதுங்கிக்கொள்கின்றார். மறுநாள் வீதியில் எதிரெதிரே வரும்போது இருவருக்கும் இடையில் ஸலாம்கூட இல்லை! தமிழகத்தில் 1980களிலிருந்து இவ்விவாதம் மேடைக்கு வந்தது, பல ஊர்களில் ஜமாஅத்துகள் பிரிந்தன, பள்ளிவாசல்களும் பிரிந்தன.

ஆகவே மார்க்க அறிஞர்கள் கூறியுள்ளதை நிதானமாகக் காண்போம்.

லைலத்துல் கத்ர் இரவில் எவருக்கும் ஐயமில்லை. அது ஆயிரம் மாதங்களைவிடச் சிறந்தது என்று திருக்குர்ஆனின் 97ஆம் அத்தியாயம் அறிவிக்கின்றது. ஆயிரம் மாதங்கள் என்பது 83 ஆண்டுகளும் 4 மாதங்களுமாகும். ஒரு மனிதனின் முழு ஆயுள்! அதை ரமலானின் கடைசிப் பத்தின் ஒற்றைப்படை இரவுகளில் தேடுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். நாமோ 27ஆம் இரவில் மட்டும் பள்ளியை நிரப்பிவிட்டு, மற்ற நான்கு இரவுகளில் உறங்கிவிடுகின்றோம்.

மிஃராஜ் நிகழ்ந்தது உறுதி; அது நிகழ்ந்த தேதியில்தான் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ரஜப் 27 என்பது அவற்றுள் ஒன்று. ஆனால் அவ்விரவின் பரிசு எது என்பதில் வேறுபாடே இல்லை. ஐம்பதாகக் கடமையாக்கப்பட்டு ஐந்தாகக் குறைக்கப்பட்ட தொழுகையே அது. மிஃராஜ் இரவில் கண்விழித்துவிட்டு சுப்ஹைத் தவற விடுபவர், விருந்துக்குச் சென்று உணவை மறந்து வந்தவரைப் போன்றவர்.

பராஅத் இரவில்தான் கருத்து வேறுபாடு மிகுதி. ஷாம் தேசத்தில் வாழ்ந்த மக்ஹூல், காலித் இப்னு மஃதான் போன்ற தாபிஈன்கள் அவ்விரவைச் சிறப்பித்தார்கள். ஹிஜாஸைச் சார்ந்த அதா இப்னு அபீ ரபாஹ் போன்றோர் அதனை மறுத்தார்கள். அந்த இரவில் துஆ ஏற்கப்படும் எனத் தமக்குச் செய்தி எட்டியதாக இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் குறிப்பிட்டார்கள். அதே மத்ஹபின் பேரறிஞரான இமாம் நவவீ (ரஹ்) அவர்களோ, அவ்விரவுக்கென்று வழங்கிவரும் நூறு ரக்அத் தொழுகை பித்அத் என்று தெளிவாக எழுதினார்கள். இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்கள் அவ்விரவின் சிறப்பையும் முன்னோரில் சிலர் தனித்து வணங்கியதையும் ஏற்று, பள்ளியில் கூடுவதை மறுத்தார்கள்.

சகோதரர்களே! இவ்வேறுபாடு நேற்று முளைத்ததன்று; ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அவ்வறிஞர்களுக்கு இடமிருந்த மார்க்கத்தில் உங்கள் அண்ணனுக்கும் தம்பிக்கும் இடமில்லையா?

இப்போது இரண்டு ஹதீஸ்களைச் சிந்தியுங்கள். ஷஅபான் பாதி இரவில் அல்லாஹ் தன் படைப்புகளை நோக்கி, இணைவைப்பவனையும் பகைமை கொண்டவனையும் தவிர மற்றவர்களை மன்னிக்கின்றான் என்ற கருத்துடைய செய்தி இப்னு மாஜாவில் இடம்பெற்றுள்ளது. இதன் தரத்தில் அறிஞர்கள் வேறுபட்டனர். பல வழிகளைச் சேர்த்துப் பார்த்து ஏற்றவர்களும் உண்டு. மற்றொன்று புகாரீயில் உள்ளது. லைலத்துல் கத்ர் எந்த இரவு என்பதை அறிவிக்கவே நபி (ஸல்) அவர்கள் வெளியே வந்தார்கள். அவ்வேளை முஸ்லிம்கள் இருவர் சச்சரவிட்டுக்கொண்டிருந்தனர். அதனால் அந்த அறிவு உயர்த்தப்பட்டுவிட்டது.

இருவரின் சச்சரவால் உம்மத் முழுவதும் ஒரு செய்தியை இழந்தது! அப்படியானால் இரவுகளின் பெயராலேயே சண்டையிடும் நாம் எதை அடையப்போகின்றோம்? பராஅத் இரவை ஏற்பவர் ஆதாரமாகக் காட்டும் செய்தியே பகைமை கொண்டவருக்கு மன்னிப்பில்லை என்கின்றது. அதை மறுப்பவர் உறுதியாக நம்பும் ஸஹீஹான ஹதீஸும் சச்சரவின் நஷ்டத்தையே கூறுகின்றது. இருவரும் தப்ப முடியாது!

2020ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். ஊரடங்கினால் பள்ளிவாசல்கள் மூடியிருந்தன. பராஅத் இரவும் அவ்வாறே வந்தது. ரமலானின் கடைசிப் பத்தும் அவ்வாறே வந்தது. முல்லா வீதியாயினும் நம் கதிர்காமமாயினும் அவரவர் இல்லமே பள்ளியாயிற்று. கடமையல்லாத தொழுகைக்கு வீடே மேலான இடம் என்ற நபிமொழியை அந்த ஆண்டு நமக்கு நினைவூட்டிச் சென்றது.

அதே ஆண்டில் நம் கதிர்காமத்து அரசு மருத்துவக் கல்லூரி, கொரோனா நோயாளிகளின் மருத்துவமனையாக இருந்தது. மருத்துவர்களும் செவிலியர்களும் துப்புரவுப் பணியாளர்களும் இரவிரவாக விழித்திருந்தனர். இன்றும் அங்கே எத்தனையோ பிள்ளைகள் தாயின் கட்டிலருகே விழித்திருக்கின்றனர். அல்லாஹ்வுக்காக என்ற நிய்யத்தோடு செய்தால் அவ்விழிப்பும் வணக்கமே. மருத்துவமனையைச் சுற்றி நூறு மீட்டர் அமைதிப் பகுதி என்பது நாட்டின் சட்டம். நோயாளியை நோவினை செய்யாதிருப்பதோ மார்க்கத்தின் சட்டம். நம் திக்ரின் ஓசை நோயாளியின் உறக்கத்தைக் கெடுக்கலாகாது.

எனவே நாம் செய்ய வேண்டியவை என்ன? இஷாவையும் சுப்ஹையும் ஜமாஅத்தோடு தொழுங்கள். அவ்விரண்டும் இரவு முழுதும் நின்று வணங்கியதற்கு நிகர் என்ற கருத்து முஸ்லிமில் உள்ளது. நோன்பு நோற்க விரும்புவோர் எல்லா மாதங்களிலும் ஸுன்னத்தான 13, 14, 15ஆம் நாட்களில் நோற்கலாம். ஆதாரமற்ற தொழுகைகளை ஸுன்னத் என்று சொல்லாதீர்கள். தனித்து அழுது துஆக் கேட்பவரை ஏளனமும் செய்யாதீர்கள். ரமலானின் கடைசிப் பத்தில் மனைவி மக்களையும் எழுப்புங்கள், அது நபிவழி.

எல்லாவற்றிற்கும் முன்பாக, இன்று இப்பள்ளியை விட்டு வெளியேறும்போது, பேசாதிருக்கும் உறவினரிடம் சென்று முதல் ஸலாம் சொல்லுங்கள். அந்த ஸலாமுக்கு எந்த மத்ஹபிலும் எந்த ஜமாஅத்திலும் மறுப்பில்லை.

வல்ல ரஹ்மான் நம் உள்ளங்களிலிருந்து பகைமையை அகற்றி, நம் இரவுகளை ஒளிபெறச் செய்து, மன்னிக்கப்பட்டோரின் கூட்டத்தில் நம் அனைவரையும் சேர்த்தருள்வானாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.