தண்ணீர் குடிக்கும் நாம் 'பக்கத்து நிலக்காரர்' இல்லையாம்!



லாபு வட்டாரத்தில் ஒரு தோட்டக் கோயில் மண்டபத்தில் பேசியதை இங்கே எழுதித் தருகிறேன். அன்று வர முடியாதவர்கள் வாசியுங்கள். பாட்டி தாத்தாவுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள்.

நீலாயிலிருந்து போர்ட்டிக்சன் வரை 'மலேசியா விஷன் வேலி' என்றொரு திட்டம். சிரம்பான், போர்ட்டிக்சன் மாவட்டங்களில் 153,411 ஹெக்டர். நாம் பால் வெட்டிய, செம்பனைக் குலை அறுத்த லாபு நிலமும் அதற்குள்தான். புது நகரம், தாமான், தொழிற்பேட்டை என்கிறார்கள்.

சரி, தண்ணீர்? இந்தப் பக்கம் ஓடும் பத்தாங் பெனார், பத்தாங் லாபு ஆறுகள் போய்ச் சேரும் இடம் லங்காட் ஆறு. அந்தத் தண்ணீர் சுத்திகரிக்கப்பட்டு சிலாங்கூர் வீடுகளுக்குக் குழாயில் போகிறது. 2016இல் செமினி சுத்திகரிப்பு நிலையம் துர்நாற்றத்தால் திரும்பத் திரும்ப மூடப்பட்டபோது, மாசைத் தேடியவர்கள் நீலாய் பக்கத்து சுங்கை பூவா வரை வந்தார்கள். அப்போது பேச்சு தொழிற்சாலைக் கழிவு பற்றி. வீடமைப்பு என்றால் சுத்தம் என்று நினைக்காதீர்கள். மேட்டை வெட்டி மண்ணைத் திறந்து போட்டால் ஒரு மழைக்கு ஆறு தேத்தண்ணி நிறமாகும். வீடு கட்டிய பிறகு கழிவுநீர். அது சரியாகச் சுத்திகரிக்கப்படாவிட்டால் ஆற்றில் அமோனியா ஏறும். அது அளவு மீறினால் நிலையத்தை நிறுத்துவதைத் தவிர வழியில்லை.

மண்டபத்தில் ஓர் ஐயா எழுந்து கேட்டார்: "வக்கீலம்மா, நாங்கள் ஆட்சேபம் எழுதினால் எடுப்பார்களா?"

நேர்மையாகச் சொல்கிறேன். 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது சட்டம் 172, பிரிவு 21(6) என்ன சொல்கிறது? உள்ளூர் திட்டம் இல்லாத இடத்தில் மட்டும், பக்கத்து நிலத்தின் உரிமையாளருக்கு ஊராட்சி மன்றம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அவர் 21 நாளுக்குள் ஆட்சேபிக்கலாம். பக்கத்து நிலம் என்றால் ஒட்டிய நிலம், அல்லது நடுவில் 20 மீட்டருக்குள் சாலையோ கால்வாயோ உள்ள நிலம். முட்டுச் சந்து என்றால் 200 மீட்டர். லயத்தில் மூன்று தலைமுறை இருந்தவர் கையில் கிராண்ட் இல்லை. அதனால் அவர் உரிமையாளர் இல்லை, நோட்டீஸும் இல்லை. ஆறு 20 மீட்டரோடு நிற்கிறதா என்று சட்டம் எழுதியவரைத்தான் கேட்க வேண்டும்!

ஆனால் ஒரு வாசல் திறந்திருக்கிறது. உள்ளூர் திட்டத்தின் வரைவு, அந்த 'ரஞ்சாங்கான் தெம்பாத்தான்', பொதுப் பார்வைக்கு வைக்கப்படும்போது யாரும் ஆட்சேபம் எழுதலாம். கிராண்ட் கேட்க மாட்டார்கள். அதற்குக் குறைந்தது நான்கு வாரம் உண்டு. அறிவிப்பு எங்கோ பத்திரிகை மூலையில் வரும், நாம் பார்ப்பதில்லை. திட்டம் அரசாணையில் ஏறிய பிறகு புல்டோசர் முன்னால் நின்று அழுவதைவிட அந்த நான்கு வாரம் பெரிது.

இன்னொரு தங்கச்சி கேட்டாள்: "வேண்டாம் என்று எழுதினால் நமக்குத் தருவதாகச் சொன்ன வீடும் போய்விடாதா?" இந்தப் பயம் நியாயமானது. கோலாலம்பூர் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் என்ன நடந்தது? புக்கிட் கியாரா தோட்டத்து நம் மக்களை 1980களில் 'தற்காலிக' நீள வீடுகளில் வைத்தார்கள். பல ஆண்டு கழித்து அவர்களுக்கு நிரந்தர வீடு தருவதாகச் சொன்ன திட்டத்தில், பக்கத்துப் பூங்காவில் அடுக்குமாடிக் கோபுரங்களையும் சேர்த்தார்கள். பூங்காவைக் காக்க வட்டார மக்கள் வழக்குப் போட்டார்கள். 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மேம்பாட்டு ஆணையை ரத்து செய்தது. 2023 ஏப்ரல் 18இல் கூட்டரசு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தீர்ப்பு நல்ல தீர்ப்புதான். ஆனால் நம் குடும்பங்கள் அன்றும் நீள வீட்டில்தான்.

அதனால் நம் வீட்டை மேம்பாட்டாளரின் கோபுரத்தோடு முடிச்சுப் போட விடாதீர்கள். "வீடு வேண்டும், இன்ன நிலத்தில், இன்ன தேதிக்குள்" என்று தனிக் கடிதம். "ஆற்றோரத்தில் இத்தனை தூரம் கட்டாதே, கழிவுநீர் நிலையம் முதலில்" என்று தனி ஆட்சேபம். இரண்டையும் ஒரே தாளில் எழுதாதீர்கள்.

அடுத்த சந்திப்புக்கு வரும்போது ஐசி நகல், பழைய சம்பளச் சீட்டு, தண்ணீர் கலங்கிய நாளில் எடுத்த படம் இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். படத்தின் பின்னால் தேதி எழுதுங்கள்.